ஐஸ் பூட்ஸில் கிராம்பான் கழலாமல் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸிலும் உறைபனியிலும் வழுக்காமல் ஏற பூட்ஸின் அடியில் மாட்டுகிற, முட்கள் கொண்ட உலோகச் சட்டம்தான் கிராம்பான். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முட்களைத்தான். ஒற்றை முன்முள்ளா இரட்டையா, படுத்த முள்ளா நிமிர்ந்த முள்ளா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். பூட்ஸிலிருந்து கழன்று விழுகிற கிராம்பானில் எந்த முள் இருந்து என்ன பயன்? அதனால் இந்தப் பக்கத்தில் முட்களைப் பற்றி அதிகம் இருக்காது. கிராம்பான் பூட்ஸை எப்படிப் பிடித்து நிற்கிறது, ஏன் விடுகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

சில பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்ஸின் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சோலுக்கு மேலே துருத்தி நிற்கும் கெட்டியான விளிம்பு வெல்ட். விரல் பக்க வெல்ட்டின் மேல் உட்காரும் வளைந்த கம்பி முன்கம்பி. பின்னால் குதிகால் வெல்ட்டில் மாட்டி மேலே தூக்கி மூடுவது லீவர். கிராம்பானின் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கிற, துளைகள் போட்ட உலோகம் இணைப்புப் பட்டை. கணுக்காலைச் சுற்றிக் கட்டுவது வார். பூட்ஸ் முனையைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும் முள் முன்முள்.

கிராம்பான் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாரைக் கட்டாமல் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. வாரை இறுக்கிக் கட்டிவிட்டால் பொருந்தாத கிராம்பானும் பொருந்தியது போலத் தெரியும்.

முன்கம்பியும் லீவரும் உள்ள வகையென்றால், பூட்ஸை மாட்டி லீவரை மூடுங்கள், வாரைத் தொங்கவிடுங்கள். பூட்ஸைக் கையில் பிடித்து, தண்ணீர் உதறுவது போலப் பலமாக உதறுங்கள். முன்பக்கச் சட்டத்தைப் பிடித்து இடமும் வலமும் முறுக்குங்கள். பின்பக்கச் சட்டத்தையும் அதேபோல முறுக்கிப் பாருங்கள். சட்டம் அசையக்கூடாது. பூட்ஸும் கிராம்பானும் சேர்ந்து ஒரே பொருளாகத் திரும்ப வேண்டும். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

முன்னும் பின்னும் பிளாஸ்டிக் பிடி கொண்டு வாரால் கட்டுகிற வகையென்றால், பூட்ஸை உள்ளே அழுத்திவிட்டு, வாரைக் கட்டாமலே பூட்ஸை மேலே தூக்குங்கள். கிராம்பான் பூட்ஸைப் பற்றிக்கொண்டு கூடவே மேலே வர வேண்டும். அப்படியே கீழே விழுந்தால் நீளம் அதிகமாக வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் உதைத்துப் பார்க்கும் சோதனை. பழைய மரக்கட்டை ஒன்றில் முன்முள்ளால் ஒவ்வொரு காலுக்கும் 20 உதை கொடுங்கள். உதைத்து முடித்ததும் குனிந்து முன்கம்பியைப் பாருங்கள். அது வெல்ட்டின் நடுவிலேயே இருக்கிறதா, ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா? வீட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது மலையில் முழுதாகக் கழலும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வகைப் பிடிப்பு இருக்கிறது? என் பூட்ஸுக்கு எது?

மூன்று வகை. முன்னால் கம்பி, பின்னால் லீவர் உள்ளது முழு ஆட்டோமேட்டிக். முன்னால் பிளாஸ்டிக் பிடி, பின்னால் லீவர் உள்ளது செமி ஆட்டோமேட்டிக். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பிடி வைத்து வாரால் கட்டுவது மூன்றாவது.

எதை எடுப்பது என்று முடிவு செய்வது உங்கள் பூட்ஸின் வெல்ட்தான். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் வெல்ட் இருந்து, சோலும் வளையாமல் இருந்தால் மூன்று வகையும் பொருந்தும். குதிகால் பக்கம் மட்டும் வெல்ட் இருந்தால் செமி ஆட்டோமேட்டிக்கும் வார் வகையும் பொருந்தும். எங்கேயும் வெல்ட் இல்லையென்றால் வார் வகை மட்டும்தான்.

செங்குத்து ஐஸுக்கு முன்கம்பி வகையே என் தேர்வு. வெல்ட்டை நேரடியாக உலோகம் பிடிப்பதால் உதைக்கும்போது கிடைக்கிற உறுதி தனி. அதற்காகச் செமி ஆட்டோமேட்டிக்கை ஒதுக்க வேண்டியதில்லை. உறுதியான பூட்ஸில் நன்றாகப் பொருந்திய செமி ஆட்டோமேட்டிக், அரைகுறையாகப் பொருந்திய முழு ஆட்டோமேட்டிக்கைவிடப் பல மடங்கு நம்பகமானது. வெல்ட் கொஞ்சம் தேய்ந்த பூட்ஸுக்கும் அதுவே நல்லது.

பி2, பி3, சி2, சி3 என்று எழுதியிருப்பது என்ன?

பி என்பது பூட்ஸ், சி என்பது கிராம்பான். பூட்ஸுக்குப் பி0 முதல் பி3 வரை. எண் கூடக் கூட சோல் விறைப்பாகும். பி0 சாதாரண நடைபயண பூட்ஸ், கிராம்பானுக்கு ஆகாது. பி1 ஓரளவு விறைப்பு. பி2 நல்ல விறைப்பு, குதிகால் வெல்ட் இருக்கும். பி3 வளையவே வளையாது, இரண்டு பக்கமும் வெல்ட் இருக்கும். கிராம்பானில் சி1 வார் வகை, சி2 செமி ஆட்டோமேட்டிக், சி3 முழு ஆட்டோமேட்டிக்.

பூட்ஸின் எண் கிராம்பானின் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பி3 பூட்ஸில் சி1 மாட்டலாம். பி1 பூட்ஸில் சி3 மாட்டக்கூடாது.

ஆனால் இந்த எண் ஒரு தொடக்கம்தான். பி3 பூட்ஸும் சி3 கிராம்பானும் வாங்கிவிட்டால் இரண்டும் தானாகப் பொருந்திவிடும் என்று நினைக்காதீர்கள். பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. விரல் பக்கம் அகலமா குறுகலா, சோல் தட்டையா வளைவா என்பதை அது சொல்லாது. பொருத்தமின்மை பெரும்பாலும் வருவது அந்த வடிவத்தில்தான்.

வளையும் பூட்ஸில் மாட்டினால் என்ன ஆகும்?

நடக்கும்போது பூட்ஸ் வளைகிறது, கிராம்பான் வளையவில்லை. பூட்ஸ் வளையும்போது விரல் முனைக்கும் குதிகாலுக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தூரம் குறைகிறது. லீவர் அந்தத் தூரத்தை நம்பித்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. தூரம் குறைந்ததும் இழுவை போய்விடும், முன்கம்பி வெல்ட்டிலிருந்து நழுவும். ஒரு முறை வளைந்து நிமிர்ந்தாலே போதும்.

இன்னொரு கேடும் இருக்கிறது. வளைகிற பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் இணைப்புப் பட்டையை வளைக்கப் பார்க்கும். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு உலோகம் களைத்துப்போய் துளை உள்ள இடத்தில் விரிசல் விடும். அதனால்தான் மென்மையான பூட்ஸுக்காக வளையும் தன்மை கொண்ட பட்டைகளைச் செய்கிறார்கள்.

நீளத்தை எப்படிச் சரிசெய்வது?

வீட்டில், வெளிச்சத்தில், நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. பழைய பாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், தரை தப்பிக்கும்.

லீவரில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருப்பினால் லீவர் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். முதலில் அதைப் பாதியில் கொண்டுவந்து வையுங்கள். இந்த ஒரு படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருகு ஒரு கோடியில் இருக்கும்போது பட்டையைச் சரிசெய்தால், பிறகு மலையில் இறுக்கவோ தளர்த்தவோ இடமே இருக்காது.

பிறகு பட்டையின் பூட்டை விடுவித்து, கிராம்பானைப் பூட்ஸைவிடக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். பூட்ஸின் விரல் பக்கத்தை முன்கம்பிக்குள் நுழைத்து நன்றாக முன்னே தள்ளுங்கள். கம்பி வெல்ட்டின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை தொட்டிருக்க வேண்டும். இப்போது பின்பாதியை ஒவ்வொரு துளையாக முன்னே நகர்த்துங்கள். குதிகால், பின்சட்டத்தின் இரண்டு நிமிர்ந்த தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, பின்னால் இடைவெளி இல்லாமல் நிற்கிற துளையில் பூட்டுங்கள். லீவரை வெல்ட்டில் மாட்டி மேலே தூக்குங்கள்.

இரண்டு விரலால் சுலபமாக மூடினால் தளர்வு. இரண்டு கையும் போட்டு முக்கினாலும் மூடவில்லையென்றால் அதிக இறுக்கம். உள்ளங்கையால் அழுத்தமாகத் தள்ளும்போது ‘டப்’ என்று மூடுவதுதான் சரியான அளவு. மிச்சம் இருக்கிற சிறு வித்தியாசத்தைத் திருகால் சரிசெய்யுங்கள்.

பட்டையின் பூட்டு துளையில் முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பாதி இறங்கிய பூட்டு நடக்கும்போது தாண்டி அடுத்த துளைக்குப் போய்விடும்.

ஒரு துளையில் தளர்கிறது, அடுத்த துளையில் மூடவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் இங்கே தளர்ந்த துளையிலேயே வைத்து, வாரை இறுக்கிச் சமாளிக்கிறார்கள். நானும் ஏறத் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் செய்தேன். மேலிருந்து கயிறு போட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு நாள், ஆறேழு உதைக்குப் பிறகு வலது கிராம்பான் கழன்று, கணுக்கால் வாரில் தொங்கியது. கயிறு மேலே இருந்ததால் தொங்கியதோடு போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் முன்கம்பியை மாற்றி மாட்ட இன்னொரு ஜோடித் துளை சட்டத்தில் இருப்பதே கண்ணில் பட்டது.

ஆமாம், தீர்வு அங்கேதான் இருக்கிறது. பல கிராம்பான்களில் முன்கம்பியை மாட்ட இரண்டு அல்லது மூன்று ஜோடித் துளைகள் இருக்கும். கம்பியை ஒரு துளை முன்னேயோ பின்னேயோ மாற்றினால் பட்டையில் கிடைக்காத அரைத்துளை அளவு இங்கே கிடைத்துவிடும். கம்பியின் இரண்டு முனைகளும் ஒரே வரிசைத் துளைகளில் இருக்கட்டும். கம்பியை மாற்றினால் முன்முள் நீளுகிற அளவும் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் சரியாகவில்லையென்றால் திருகு. திருகும் போதவில்லையென்றால் அந்தக் கிராம்பான் உங்கள் பூட்ஸுக்கு இல்லை. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முன்கம்பி வெல்ட்டில் முழுதாக உட்காரவில்லை. ஓரங்கள் மட்டும் தொடுகின்றன, அல்லது நடுப்பகுதி மட்டும் தொடுகிறது.

கம்பியின் வளைவும் பூட்ஸ் முனையின் வளைவும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இப்போதைய ஐஸ் பூட்ஸ்களில் சிலவற்றின் முனை மிகக் குறுகல், சிலவற்றின் முனை அகலம். ஓரங்கள் மட்டும் தொட்டால் கம்பி பூட்ஸுக்குக் குறுகல். நடுவில் மட்டும் தொட்டு ஓரங்களில் இடைவெளி இருந்தால் கம்பி அகலம். இரண்டாவதுதான் ஆபத்து அதிகம். சரிவில் குறுக்கே நடக்கும்போது பூட்ஸ் கம்பிக்குள் பக்கவாட்டில் வழுக்கி, ஒரு ஓரமாக வெளியே வந்துவிடும்.

கிராம்பான் தயாரிப்பாளர்கள் பலர் வேறு அகலக் கம்பிகளைத் தனியாகவே விற்கிறார்கள். உங்கள் மாடலுக்கு என்று செய்யப்பட்ட கம்பியையே வாங்குங்கள். சில மாடல்களில் முன்கம்பியையும் பிளாஸ்டிக் பிடியையும் மாற்றி மாற்றி மாட்டலாம். பெட்ஸல் நிறுவனத்தின் லின்க்ஸ் அப்படிப்பட்டது. இரண்டு மூன்று வகை பூட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி பெரிய உதவி.

கம்பியைக் குறடால் வளைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வளைத்த இடத்தில் உலோகம் பலவீனமாகும். உங்கள் எடையை அது தாங்குமா என்பதைச் சோதித்துப் பார்க்கக் கூடாத இடத்தில்தான் சோதித்துப் பார்க்க நேரும்.

முன்முள் பூட்ஸைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்க வேண்டும்?

சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர். அதைவிடக் குறைந்தால் பூட்ஸின் ரப்பர் முனை முதலில் ஐஸில் மோதும், முள் இறங்காது. அதைவிட நீண்டால் நெம்புகோல் போலாகிக் கெண்டைக்கால் சீக்கிரம் வலிக்கும், கிராம்பானின் பிடிப்புக்கும் சுமை ஏறும்.

இரண்டாவது வரிசை முட்களையும் கவனியுங்கள். முன்முள்ளில் நிற்கும்போது ஐஸ் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. அப்போது கிராம்பானின் பின்பாதி குதிகாலை விட்டுக் கீழே இறங்கப் பார்க்கும். அதை மேலே இழுத்துப் பிடித்திருப்பது லீவர். குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்தி நின்று, இரண்டாவது வரிசை முட்களும் ஐஸைத் தொட்டால் லீவர் மீதான சுமை குறையும். கால் வைக்கும் விதமும் கிராம்பான் கழலாமல் இருப்பதற்கு ஒரு காரணம் என்று சொல்வது இதனால்தான். குதிகாலை உயர்த்திக்கொண்டே ஏறுகிறவர்களுக்குக் கிராம்பான் அதிகம் ஆடும்.

சோலுக்கும் இணைப்புப் பட்டைக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது. தவறா?

நடுப்பாதத்தில் என்றால் பெரும்பாலும் தவறில்லை. இப்போதைய பூட்ஸ்களின் சோல் முன்னால் மேல்நோக்கி வளைந்திருக்கும், நடக்க அது வசதி. பட்டையோ தட்டை. அதனால் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி வரத்தான் செய்யும்.

பாதத்தின் முன்பகுதியிலும் குதிகாலிலும் இடைவெளி இருக்கக்கூடாது. பூட்ஸின் முன்பாதிக்கும் முன்சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாராளமாக உள்ளே போய் வந்தால், அங்கே சட்டத்துக்குத் தாங்கல் இல்லை. ஒவ்வொரு உதைக்கும் சட்டம் மேலும் கீழும் வளையும், முன்கம்பி மெல்ல மெல்ல நழுவும், சட்டமும் நாளடைவில் விரிசல் விடும். வளைவு அதிகமுள்ள பூட்ஸுக்கென்று வளைந்த பட்டைகளைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அதை வாங்குவதுதான் சரி. தட்டையான பட்டையைக் கையால் வளைப்பது சரியில்லை.

குதிகால் பக்கம் இடமும் வலமும் ஆடுகிறது.

பின்சட்டத்தின் தூண்கள் உங்கள் குதிகாலுக்கு அகலமாக இருக்கின்றன. சிறிய அளவு பூட்ஸ் போடுகிறவர்களுக்கும் குறுகலான பூட்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. சில மாடல்களில் பின்பக்க அகலத்தை மாற்றலாம். மாற்ற முடியாதென்றால் குறுகிய சட்டம் கொண்ட வேறு மாடலைத் தேடுங்கள். ரப்பர் துண்டு, டேப் என்று இட்டு நிரப்பினால் ஈரமும் குளிரும் பட்டதும் அது நசுங்கிவிடும்.

முன்பாதி கோணலாக நின்றால் மட்டும் வேறு வழி உண்டு. பூட்ஸ் இடமும் வலமும் சமமாக இருக்காது, வளைந்திருக்கும். பல பட்டைகளில் இடது வலது என்று ஒதுங்கிய துளைகள் இருக்கும், அல்லது பட்டையைத் திருப்பி மாட்டலாம். அதை மாற்றிப் பார்த்தால் பல நேரம் சரியாகிவிடும்.

இடது வலது வித்தியாசம் உண்டா?

உண்டு. வாரின் பக்கிள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் அடுத்த காலின் முள் அதில் மாட்டும்.

அப்படியானால் வார் எதற்கு?

இரண்டு வேலை. முதலாவது, லீவர் தற்செயலாகத் திறந்துவிடாமல் அதை அணைத்துப் பிடிப்பது. இரண்டாவது, எல்லாம் தவறிப்போய்க் கிராம்பான் கழன்றாலும் அது பள்ளத்தில் விழாமல் கணுக்காலிலேயே தொங்கவைப்பது. வாரை இறுக்கினால் கிராம்பான் இறுகும் என்பது லீவர் உள்ள வகைகளுக்குப் பொருந்தாது. சுருக்கம் விழாமல், விரல் ஒன்று நுழைகிற இறுக்கத்தில் கட்டினால் போதும்.

முழுக்க வாரை நம்பியிருக்கும் வகையில் கதை வேறு. அங்கே வார் முறுக்கேறாமல், முன்பிடியின் வளையம் வழியாகப் போய், பக்கிளில் திரும்பி வர வேண்டும். ஈரத்தில் நைலான் வார் கொஞ்சம் நீளும். கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்த பிறகு நின்று, மறுபடி இறுக்குங்கள்.

இரண்டு வகையிலும் வார் முனை தொங்கக்கூடாது. மீதியைச் செருகிவையுங்கள். மிக நீளமாக இருந்தால் வெட்டி, முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள். வெட்டும் முன் ஒன்று: கையுறையோடு பிடித்து இழுக்க முடிகிற நீளம் மிஞ்ச வேண்டும்.

அந்தக் காலத்தில் வாரால் கட்டிக்கொண்டுதானே பெரிய மலைகளை ஏறினார்கள்?

ஏறினார்கள். ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1908ல் பத்து முள் கிராம்பானை வடிவமைத்தார். இத்தாலியின் கூர்மயூரில் இருந்த ஹென்றி கிரிவெல் என்ற கொல்லர் அதை அடித்துக் கொடுத்தார். அதில் முன்முள் கிடையாது. பாதம் முழுவதையும் சரிவில் தட்டையாகப் பதித்துத்தான் நடந்தார்கள். அப்படி நடக்கும்போது எடை நேராகக் கீழே இறங்கும், கிராம்பானைக் கழற்றும் விசை குறைவு. தோல் பூட்ஸும் தோல் வாரும் அதற்குப் போதுமானதாக இருந்தது.

1929ல் ஹென்றியின் மகன் லோரான் கிரிவெல் இரண்டு முன்முட்களைச் சேர்த்த பிறகுதான் ஐஸை உதைத்து நேராக ஏறுவது சாத்தியமானது. அதன் பலன் 1938ல் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடமுகத்தில் தெரிந்தது. புதிய பன்னிரண்டு முள் கிராம்பான் அணிந்த ஜெர்மன் மலையேறிகள் ஹெக்மையரும் ஃபோர்க்கும், தங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்த ஆஸ்திரியர்கள் ஹாரரையும் காஸ்பரெக்கையும் எட்டிப் பிடித்தார்கள். காஸ்பரெக்கிடம் பத்து முள் கிராம்பான், ஹாரரிடம் கிராம்பானே இல்லை. கடைசியில் நால்வரும் சேர்ந்து உச்சியைத் தொட்டார்கள்.

ஆனால் உதைத்து ஏறத் தொடங்கியதும் வாரின் குறைகளும் வெளிப்பட்டன. கழலாமல் இருக்க வேண்டுமென்றால் பாதத்தின் மேல் இறுக்கிக் கட்ட வேண்டும். இறுக்கினால் விரல்களுக்கு ரத்தம் போகாது, குளிரில் விரல் மரத்து உறைந்துபோகும். பாதத்தைத் தொடாமல் பூட்ஸின் விளிம்பை மட்டும் பிடிக்கிற கம்பியும் லீவரும் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தன. ஆகவே அவர்கள் கட்டியது போல நாமும் கட்டலாம் என்பது செங்குத்து ஐஸில் நல்ல யோசனை இல்லை.

பூட்ஸ் பழையது. வெல்ட் தேய்ந்திருக்கிறது. இன்னும் முன்கம்பி மாட்டலாமா?

வெல்ட்டின் மேல்பக்கத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டுகிற தெளிவான படி இருக்க வேண்டும். படி மழுங்கி உருண்டிருந்தால் கம்பி அதன் மேல் நிற்காது. பாறைகளில் நடந்தே விரல் பக்க வெல்ட் இப்படித் தேய்கிறது. சோல் மாற்றும்போது இதையும் கவனிக்கச் சொல்லுங்கள். சோலை வெட்டிச் சீராக்கும்போது வெல்ட்டையும் சேர்த்துக் குறைத்துவிடுவது உண்டு. சோல் மாற்றிய பூட்ஸைப் புது பூட்ஸாகவே நினைத்து, கிராம்பானை முதலிலிருந்து சரிசெய்யுங்கள்.

படி போய்விட்டதா? பிளாஸ்டிக் முன்பிடிக்கு மாறுங்கள். வெல்ட்டில் கத்தியால் பள்ளம் செதுக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பனிச்சறுக்கு பூட்ஸில் மாட்டலாமா?

பெரும்பாலானவற்றில் மாட்டலாம், விரல் பக்கமும் குதிகால் பக்கமும் தடித்த வெல்ட் இருக்கும், சோல் வளையவே வளையாது. மலையேற்றச் சறுக்குக்கான சில இலகு பூட்ஸ்களில் விரல் பக்க வெல்ட்டைச் சிறிதாக்கியிருப்பார்கள், அல்லது முற்றிலும் எடுத்திருப்பார்கள். அவற்றில் சாதாரண முன்கம்பி நிற்காது. இன்னொன்று, சறுக்கு பூட்ஸ் ஒரே கால் அளவுக்கு ஐஸ் பூட்ஸைவிட நீளம் வேறுபடும். துளையை மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு பூட்ஸுக்கும் ஒரே கிராம்பானைப் பயன்படுத்துகிறவர்கள், எந்த பூட்ஸுக்கு எந்தத் துளை என்று பட்டையில் பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவல் அல்லது வாடகைக் கிராம்பான் என்றால்?

உங்கள் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே மாட்டி, மேலே சொன்ன உதறல் சோதனையைச் செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாகப் பாருங்கள். முன்பு பயன்படுத்தியவர் ஒரு காலில் மட்டும் கம்பியை நகர்த்தி வைத்திருக்கலாம்.

வீட்டில் கச்சிதமாக இருந்தது, மலையில் மட்டும் ஆடுகிறது. ஏன்?

பத்தில் ஒன்பது முறை, வெல்ட்டில் பனி. பூட்ஸில் ஒட்டிய பனி, கம்பிக்கும் வெல்ட்டுக்கும் நடுவே நசுங்கி ஐஸாகிவிடும். மாட்டும்போது இறுக்கமாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்த ஐஸ் உடைந்து விழும், அது இருந்த இடம் அப்படியே தளர்வாக மிஞ்சும். எனவே மாட்டும் முன் ஐஸ் கோடாரியின் முனையாலோ விரலாலோ வெல்ட்டைச் சுற்றிச் சுரண்டிவிடுங்கள். லீவரின் அடியிலும், சோல் முழுவதிலும் உள்ளதையும் தட்டிவிடுங்கள்.

இன்னொரு காரணம், பனி பூட்ஸுக்குள் போகாமல் கணுக்காலையும் பூட்ஸின் மேல்பகுதியையும் மூடுகிற துணி உறையான கெய்ட்டர். அதன் அடிவிளிம்பு விரல் பக்கமோ குதிகால் பக்கமோ வெல்ட்டுக்குள் நுழைந்திருக்கும். வீட்டில் கெய்ட்டர் இல்லாமல் சோதித்துவிட்டு, மலையில் கெய்ட்டரோடு மாட்டினால் அளவு மாறிவிடும். எதைப் போட்டுக்கொண்டு ஏறப் போகிறீர்களோ, அதைப் போட்டுக்கொண்டே சரிசெய்யுங்கள்.

தட்டையான இடத்திலேயே மாட்டிவிடுங்கள். சரிவு தொடங்கிய பிறகு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மாட்டுகிற வேலையில்தான் கம்பி கோணலாகப் போகிறது.

ஏறிக்கொண்டிருக்கும்போது கிராம்பான் தளர்ந்தால்?

தளர்கிறது என்று சந்தேகம் வந்த நொடியே நிறுத்துங்கள். ‘இன்னும் நாலு அடிதானே’ என்று போகாதீர்கள். எடையை மற்ற காலுக்கும் கோடாரிகளுக்கும் மாற்றுங்கள். கைக்கு எட்டுகிற நல்ல ஐஸில் ஐஸ் ஸ்க்ரூ (ஐஸுக்குள் திருகி இறக்குகிற உலோகக் குழாய்) ஒன்றைப் போட்டு, அதில் உங்களைக் கிளிப் செய்துகொண்டு, கயிறு பிடிப்பவரிடம் சொல்லுங்கள். மேலிருந்து வரும் கயிறென்றால் இறுக்கச் சொல்லிவிட்டு அதிலேயே உட்காரலாம்.

பிறகு காலை மேலே கொண்டுவந்து, வெல்ட்டில் உள்ள ஐஸைச் சுரண்டி, முதலில் முன்கம்பி, பிறகு லீவர். இந்த வரிசை மாறக்கூடாது. காலால் உதைத்து உள்ளே தள்ளப் பார்த்தால் பெரும்பாலும் முழுதாகக் கழன்றுவிடும். மாட்டிய பிறகும் ஆடினால் மேலே போகாதீர்கள். அங்கிருந்து இறங்குவதுதான் வழி.

பையில் ஒரு நீளமான ரப்பர் ஸ்ட்ராப்பும் கொஞ்சம் கம்பியும் வைத்திருங்கள். லீவர் உடைந்தால் இறங்கி வருகிற அளவுக்குக் கட்டிக்கொள்ள உதவும்.

கிராம்பானில் எதையெல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும்: பட்டையின் பூட்டு, முன்கம்பி துளைக்குள் நுழைகிற இடம், முன்முள்ளைப் பிடித்திருக்கும் போல்ட், வாரில் வெட்டு. முள் கீறிய வாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வார் மாட்டுங்கள்.

பருவத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பட்டையின் துளைகளைச் சுற்றியும், முன்சட்டம் வளைகிற மூலைகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் கண்ட பாகத்தைப் பற்றவைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். முள்ளைக் கூர்தீட்டுவதானால் கையரம் மட்டும். கிரைண்டரின் சூடு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும்.

வாங்கும்போது கிராம்பானில் ஈ.என். 893 அல்லது யு.ஐ.ஏ.ஏ. 153 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிராம்பான்களின் வலிமைக்கான தரநிலைகள் அவை; முதலாவது ஐரோப்பியத் தரநிலை, இரண்டாவது சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பினுடையது. உங்கள் பூட்ஸுக்குப் பொருந்துமா என்று அந்த முத்திரை சொல்லாது, அதற்கு பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.